ஒருநாள் முதலாளிகள்

அவள் ஊர் நெய்க்காரப்பட்டி என்பதை முதன்முதலில் ஒரு துண்டுச் சீட்டில்தான் படித்தேன். குலுக்கல் டப்பாவுக்குள் கைவிட்டு நானே எடுத்த சீட்டு. ஒரு பெண்ணின் பெயர், பழனியில் இருந்த ஒரு வணிகப் பள்ளியின் பெயர், அதற்குக் கீழே ஊர். யாரும் பார்ப்பதற்குள் டப்பாவிலேயே திரும்பப் போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் பிரின்சிபால் சீட்டை வாங்கி உரக்கப் படித்துவிட்டார். கூடத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசிக்கும் சர்க்கரைக்கும் வரிசையில் நின்ற காலம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு வணிகப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் தட்டச்சு, ஒன்றில் சுருக்கெழுத்து, மூன்றாவதில் கணக்குப் பதிவும் வணிகக் கடிதமும். சன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரியும். பதினெட்டு மெஷின்கள் ஒரே சமயத்தில் ஓடும்போது கீழே பஞ்சர் ஒட்டுகிறவர் பேசுவது அவருக்கே கேட்காது என்பார்கள். தாடிக்கொம்பிலிருந்து தினமும் சைக்கிளில் போய் வருவேன். அப்பா வெங்காயமும் சோளமும் போட்டிருந்தார். நான் ஏதாவது ஆபீசில் விசிறிக்குக் கீழே உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை.

எங்கள் பிரின்சிபால் பம்பாயில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். சித்திரை வெயிலிலும் டை கட்டியிருப்பார். எல்லோரும் குமாஸ்தா வேலைக்கே படிக்கிறார்கள் என்பது அவருக்குத் தீராத வருத்தம். "அப்ப முதலாளியா எவன்டா இருக்கிறது?" என்று கேட்பார். அந்த வருத்தத்தில் அவர் ஆரம்பித்ததுதான் வணிக விழா. வருடத்துக்கு ஒரு முறை, மாசி மாதத்தில், இரண்டு நாள். மதுரை, பழனி, கரூர், போடி என்று நாலாபக்கமும் உள்ள வணிகப் பள்ளிகளுக்குக் கடிதம் போகும். மாடியில் இடம் போதாது. கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் கூடத்தைக் கேட்டு வாங்கி, நாங்களே பெஞ்சு தூக்கி, கலர் காகிதம் ஒட்டி, பானையில் தண்ணீர் ஊற்றி வைப்போம்.

தட்டச்சு வேகம், கடிதம் எழுதுதல், ஒரு பொருளைக் கையில் கொடுத்து ஐந்து நிமிடத்தில் அதை விற்றுக் காட்டுதல் என்று பல போட்டிகள் உண்டு. ஆனால் எல்லோரும் காத்திருப்பது இரண்டாம் நாள் போட்டிக்குத்தான். அதன் பெயர் 'ஒருநாள் முதலாளி'. இப்போது மேனேஜ்மெண்ட் படிக்கிற பிள்ளைகள் இதற்கு என்னென்னவோ இங்கிலீஷ் பெயர் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் அது இப்படித்தான் இருந்தது: இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒரு கற்பனைக் கம்பெனியைக் கையில் கொடுப்பார்கள். காலை பத்து மணிக்கு முதல் உறை. அதன்பிறகு ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு உறை. ஒவ்வொன்றிலும் ஒரு சிக்கல் இருக்கும். நாலு மணிக்கு நடுவர்கள் முன்னால் போய், என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று சொல்ல வேண்டும். கூட்டாளியைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். அதுவும் வேற்றூர்ப் பள்ளிக்காரராக இருக்க வேண்டும். தெரிந்தவனோடு வியாபாரம் செய்வது வியாபாரமே இல்லை என்பது பிரின்சிபாலின் கொள்கை.

ஆணும் பெண்ணும் ஒரே சீட்டில் வருவார்கள் என்று மட்டும் அவர் யோசித்திருக்கவில்லை. அதற்கு முந்தைய வருடங்களில் பெண்கள் தட்டச்சுப் போட்டியோடு நின்றுகொண்டார்கள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பிரின்சிபால் தடுமாறினார். டையைத் தளர்த்தினார். "வேணும்னா மறுபடி எடுக்கலாம்..." என்று பழனிப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார்.

அந்தப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தவர் அவர்களுடைய தட்டச்சு டீச்சர். கணவனை இழந்தவர். வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, கணீரென்ற குரல். எழுந்து நின்றார்.

"எதுக்கு சார் மறுபடி? உக்காந்து வெங்காய வெலையத்தானே பேசப் போறாங்க. நடுக்கூடத்துல மேசையப் போடுங்க, எல்லாரும் பாக்கட்டும். நானும் பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

அப்படித்தான் எங்கள் மேசை கூடத்தின் நட்டநடுவில் போடப்பட்டது. எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலிகள். அவள் வந்து உட்கார்ந்தாள். மாநிறம். நீலத்தில் வெள்ளைப் பூப்போட்ட தாவணி. விரல் நுனிகளில் ரிப்பன் மை. அந்த மையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. என் விரலிலும் அதே மைதான்.

முதல் உறையைப் பிரித்தோம். நாங்கள் ஒரு வெங்காயக் கம்பெனி. மூங்கில் தட்டியும் கீற்றும் வைத்துக் காற்றோட்டமாகக் கட்டிய பட்டறையில் நிறையச் சின்ன வெங்காயம் இருப்பில் இருக்கிறது. மதுரையில் ஒரு மாணவர் விடுதிக்கு மாதம் முழுவதும் ஒரே விலைக்குத் தருவதாக வாயால் சொல்லியிருக்கிறோம். மற்றதெல்லாம் எங்கள் சாமர்த்தியம். முதல் வேலை, கம்பெனிக்குப் பெயர் வைப்பது.

"நீங்களே சொல்லுங்க" என்றேன் மேசையைப் பார்த்துக்கொண்டு.

"ரெண்டு பேரு ஊரையும் போட்டுருலாமுங்க" என்றாள்.

"தாடிக்கொம்பு நெய்க்காரப்பட்டி டிரேடர்ஸ். சரியா இருக்குமா?"

"ஏனுங்க, உங்கூரு ஏன் முன்னால வரோணும்?"

நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டிருந்தாள். "உங்க ஊரு பேரு நீளமுங்க, பின்னாடி வந்தாத்தான் வாய்க்கு நல்லா இருக்கும்" என்று ஏதோ சொன்னேன். ஒரு தாளில் இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தாள். அப்புறம், "சரிங்க, எழுதிக்கிட்டா உங்குளுது முன்னால இருக்கட்டும். பேசறப்ப எங்கூரு முன்னால" என்றாள். எங்கள் கம்பெனி செய்துகொண்ட முதல் ஒப்பந்தம் அது.

அதன்பிறகு சுற்றி இருந்தவர்களை நான் மறந்துபோனேன். இரண்டாவது உறையில், பட்டறையைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு உடம்பு சரியில்லை. வேறு ஆள் போட்டுவிடலாம் என்று நான் எழுத ஆரம்பித்தேன். அவள் பேனாவுக்குக் குறுக்கே கையை நீட்டினாள். "நெதமும் நம்ம வெங்காயத்தப் புரட்டிப் போட்ட ஆளுங்க. ரெண்டு நாளைக்கு அவரு தம்பிய வரச் சொல்லுவமுங்க." அவருக்குத் தம்பி இருப்பதாக உறையில் எங்கும் இல்லை. அதைச் சொன்னேன். "நம்ம கம்பெனிதானுங்க? இருக்கறாருன்னு வெச்சுக்குவோம்" என்றாள்.

மூன்றாவது உறையில் மழை. மூன்று நாளாக விடாத மழை, பட்டறையில் ஈரம் ஏறுகிறது. இது எனக்குத் தெரிந்த விஷயம். எங்கள் வீட்டிலேயே பட்டறை இருந்தது. காற்று வருகிற பக்கத்துத் தட்டியை எப்படித் திறந்து வைப்பது, அடியில் இருப்பதை எப்போது எடுத்து உலர்த்துவது, அழுகல் வாடை வந்துவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று மளமளவென்று சொன்னேன். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். அதுவரை வெங்காயம் தெரிந்தவன் என்பதற்காக யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. வெங்காயத்திலிருந்து தப்பிப்பதற்குத்தானே என்னைப் படிக்க அனுப்பியிருந்தார்கள்.

மத்தியானம் பெண்களுக்குத் தனி அறையில் சாப்பாடு. நான் வெளியே வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து தயிர்சோறு சாப்பிட்டேன். டீச்சர் ஒரு இலைத்துண்டோடு வந்து நின்றார். "தொட்டுக்க வெஞ்சனம் இல்லாமத் திங்கிறியாம். உன் பார்ட்னர் குடுத்து விட்டுச்சு" என்றார். மோர் மிளகாய் நாலு. சன்னல் வழியாகப் பார்த்திருக்க வேண்டும். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காது மட்டும் சூடாகியது. மிளகாயினால் இல்லை.

நான்காவது உறையில்தான் சண்டை வந்தது. சென்னையில் வெங்காய விலை இரண்டு மடங்காகிவிட்டது. அங்கே ஒரு வியாபாரி தந்தி கொடுத்திருக்கிறார்: இருப்பு முழுவதையும் இன்றே அனுப்பினால் கேட்ட விலை தருகிறேன்.

"அம்புட்டையும் ஏத்திவிட்ருவோம்" என்றேன். "மழை வேற. வச்சிருந்தா அழுகிரும்."

"விடுதிக்கு?"

"விடுதிக்கு வேற எங்கயாச்சும் வாங்கிக்கச் சொல்லுவோம்."

"இந்த வெலையில அவிய எங்கீங்க போயி வாங்குவாங்க? மாசம் பூராத் தாரம்னு சொல்லியிருக்கறமுங்க."

"எழுதிக் குடுத்தோமா?"

"எழுதலீங்க. சொன்னமுங்க."

அந்த ஒரு சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. எழுதாததற்கு மதிப்பில்லை என்றுதான் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பாடப் புத்தகத்தைத் திறந்து காட்டினேன். அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "நீங்க அந்த விடுதியில தங்கிப் படிக்கற பையனா இருந்தா என்னங்க பண்ணுவீங்க? வெங்காயமில்லாத கொழம்புதானுங்க?" என்றாள். கோபத்தில் அவள் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. அவள் சொல்வதைக் கேட்க நான் மேசைமேல் குனிய வேண்டியிருந்தது. டீச்சர் தூரத்திலிருந்து தொண்டையைச் செருமினார்.

கடைசியில் அவள் சொன்னபடியே ஆயிற்று. விடுதிக்கு மாதம் முழுவதற்குமானதை ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும் சென்னைக்கு அனுப்புவது. சென்னை வியாபாரிக்கு அதை விளக்கி ஒரு பதில் எழுத வேண்டும். எழுத ஆரம்பித்தோம். முடிப்பதற்குள் மணி நாலாகிவிட்டது.

நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஒரு பேங்க் ஏஜெண்ட். அப்போதெல்லாம் கிளை மேனேஜரை அப்படித்தான் சொல்வோம். எங்கள் தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எழுத்தில் இல்லாத ஒரு பேச்சுக்காக இவ்வளவு லாபத்தை விட்டிருக்கிறீர்கள். இது தர்ம சத்திரமா, கம்பெனியா?"

அவள் வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. அவ்வளவு நேரம் என்னோடு மல்லுக்கு நின்றவள், முன்னூறு பேருக்கு எதிரில் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது, நான் பேசினேன். சென்னை வியாபாரி விலை ஏறியிருக்கும் இன்றைக்கு மட்டும்தான் நம்மைத் தேடுகிறார், விடுதியோ விலை இறங்கின நாளிலும் நம்மிடம்தான் வாங்கும், வெங்காயம் மலிந்து கேட்பாரில்லாமல் கிடக்கிற வருடத்தில் நமக்கு யார் இருப்பார்கள் என்று கேட்டேன். அதெல்லாம் என் சொந்த அனுபவம். மலிந்த வருடங்களில் அப்பா வரப்பில் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு வந்து பேசாமல் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நான் எதிர்த்த கட்சிக்கே நான் வக்கீலாகி நின்றேன். பேசி முடித்துத் திரும்பினால் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. முதல் பரிசு முழு இருப்பையும் சென்னைக்கு விற்ற கரூர்–மதுரை ஜோடிக்குப் போயிற்று. முந்தைய நாள் கடிதப் போட்டிக்காக எனக்கு ஒரு மைப்பேனா கொடுத்தார்கள். அதை வாங்க மேடைக்குப் போனபோது கைதட்டல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மட்டும் கவனித்தேன்.

சாயந்திரம் பழனி ரயிலுக்கு அவர்கள் நடந்து போனார்கள். நானும் பிளாட்பார டிக்கெட் எடுத்துக்கொண்டு போய், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் யாரையோ எதிர்பார்ப்பவன்போல நின்றேன். அவள் குழாய்க்கு வந்தாள், கையில் கூஜா.

"அடுத்த வருசம் வருவீங்களா?" என்றேன்.

"வருவனுங்க." கூஜா நிறைந்து வழிந்தது. "மெட்ராஸ்காரருக்குப் பதில் எழுதி நம்ம இன்னம் முடிக்கலீங்க."

அவ்வளவுதான் பேசினோம். ரயில் வந்தது, டீச்சர் கூப்பிட்டார், போய்விட்டாள்.

வீட்டுக்கு எப்படி சைக்கிள் மிதித்தேன் என்று நினைவில்லை. ஒரு வாரம் கழித்து, விழாப் பதிவுப் புத்தகத்திலிருந்து அவள் வீட்டு விலாசத்தை எடுத்தேன். யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. நானாகத் திருடிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். புதுப் பேனாவால் சென்னை வியாபாரிக்கான பதிலை முழுக்க எழுதி, 'தங்கள் ஒப்புதலுக்கு' என்று தலைப்பில் போட்டு அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

பத்தாம் நாள் ஒரு கார்டு வந்தது, தட்டச்சில். 'மூன்றாவது வரியில் "வருந்துகிறோம்" என்பது வேண்டாம். நாம் வருந்தவில்லை. மற்றவை சரி.' அந்தக் கார்டை எத்தனை முறை படித்திருப்பேன்! 'நாம்' என்ற எழுத்துகளில் மை சற்று அழுத்தமாக விழுந்திருந்தது. விரல் அங்கே வேண்டுமென்றே அழுந்தியதா, ரிப்பன் புதிதா என்று வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தட்டச்சு படித்தவனுக்குத்தான் இந்தப் பைத்தியம் பிடிக்கும்.

இரண்டாவதாக ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். மழை, வெங்காய விலை, எங்கள் பள்ளிக்கு வந்த புது மெஷின் என்று எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'நம் கம்பெனியை நிஜமாகவே நடத்தினால் என்ன என்று சில சமயம் தோன்றுகிறது.' அதை எழுதத் துணியும் வயதுதான். அந்த வரி எங்கே போய் விழும் என்று யோசிக்கத் தெரியாத வயதும் அதுதான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சாதி வேறு. பெண் எடுப்பதோ கொடுப்பதோ கனவிலும் கிடையாது. தெரிந்தேதான் தபால் பெட்டியில் போட்டேன்.

பதில் வரவில்லை. சித்திரை போயிற்று, ஆடி போயிற்று. தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைகிற நேரத்தை வைத்துத்தான் நான் குளிப்பதும் சாப்பிடுவதும் என்றாயிற்று. படிப்பு முடிந்துவிட்டது. ஆனாலும் மாசியில் விழா வேலைக்கு வருகிறேன் என்று பிரின்சிபாலிடம் நானே போய்ச் சொன்னேன். ரிஜிஸ்டர் மேசையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

விழாவன்று காலை பழனியிலிருந்து டீச்சர் வந்தார். பின்னால் நான்கு பையன்கள். பெண்கள் ஒருவரும் இல்லை. நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடியே இருந்தேன், பின்னால் யாராவது வருகிறார்களா என்று.

"வேற யாரும் வரலப்பா" என்றார் டீச்சர். பையன்கள் உள்ளே போகும்வரை பொறுத்திருந்தார். "அந்தப் பொண்ணு பரிச்சைக்கே வரல. வீட்டுல நிறுத்திட்டாங்க."

"ஏன் டீச்சர்?"

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "வீட்டுக்கு ஏதோ கடுதாசி வந்துச்சாம். நெசமாவே உனக்குத் தெரியாதா?"

கையிலிருந்த பேனாவை மூடினேன். அவர் என்னைத் திட்டவில்லை. "டைப்பிங் ஹையர் பரிச்சை எழுதியிருந்தா மாகாணத்துலயே முதலா வந்திருக்கும். அப்படி ஒரு வெரலு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வருடமும் 'ஒருநாள் முதலாளி' நடந்தது. நான் கூடத்துக்குள் போகவில்லை. வேப்பமரத்தடியில் பானைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உள்ளே உறை பிரிக்கிற சலசலப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் மேல் எனக்கு இருந்த ஏக்கத்தோடு அன்றிலிருந்து இன்னொன்றும் கலந்துகொண்டது. அவளை நினைக்கும்போதெல்லாம் அவள் எழுதாமல் போன பரீட்சையும் நினைவுக்கு வந்தது. பட்டறையைத் திறக்கும்போது, மழைச்சத்தம் கேட்கும்போது, யாராவது பழனிப் பக்கத்துப் பேச்சில் 'ஏனுங்க' என்று ஆரம்பிக்கும்போது நெஞ்சு அப்படியே நிற்கும். உடனே 'இவளுக்கு நீ செய்தது இது' என்று உள்ளே ஒரு குரல் வரும். ரெட்டியார்சத்திரத்தில் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அப்பா கேட்ட விசிறியும் தலைக்கு மேலே ஓடியது. அங்கே உட்கார்ந்து அடித்த எத்தனையோ கடிதங்களில் 'வருந்துகிறோம்' என்ற சொல் வரும் இடத்தில் என் விரல் ஒரு கணம் தயங்கும்.

மூன்று வருடம் இப்படிப் போனது. வீட்டில் பெண் பார்த்தார்கள். வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண். எல்லோருக்கும் பிடித்துவிட்டது, என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். சரி என்று சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்புக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக்க உண்மையில்லை. ஒருவேளை அவள் இன்னும் அங்கேயே இருந்தால் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தேன். ஆபீஸ் வேலையாகப் பழனி போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நெய்க்காரப்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி விலாசத்தைச் சொன்னதும் தோட்டத்துக்குக் கைகாட்டினார்கள். வாய்க்கால் கரையோடு நடந்தேன். தென்னைக்கு நடுவில் ஓட்டு வீடு. என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூக்கும் நெற்றியும் அவளுடையவை. அண்ணன் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"வாங்க, உக்காருங்க. எந்தூருங்க?"

"தாடிக்கொம்புங்க."

ஒரு நொடி பேப்பரை மடித்தபடியே இருந்தார். அப்புறம் உள்ளே குரல் கொடுத்து மோர் வரவழைத்தார். கொண்டுவந்தது அவர் மனைவி. "என்ன விசயமா வந்தீங்க?" என்று கேட்டபோது, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததில் ஒரு சொல்கூட வரவில்லை. கண்ணில் பட்டது தென்னை நாற்றங்கால். "கன்னு வாங்கலாம்னு வந்தேன்" என்றேன்.

"அப்படீங்களா?" என்று எழுந்தார். அரைமணி நேரம் என்னை நாற்றங்காலுக்குள் கூட்டிக்கொண்டு நடந்தார். எது நாட்டு ரகம், எத்தனை வருடத்தில் காய்க்கும், குழி எவ்வளவு ஆழம் என்று பொறுமையாகச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே வீட்டுப் பக்கம் பார்த்தேன். கொடியில் காய்ந்த சேலைகளைப் பார்த்தேன். ஒரு நீலம்கூட இல்லை.

யோசித்துச் சொல்கிறேன் என்று விடைபெற்றேன். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பஸ் நிற்கும் இடம்வரை கூடவே வந்தார். புளியமரத்தடியில் நின்றோம். ரோட்டில் ஒருவரும் இல்லை.

"கன்னு வாங்க வந்தவரு ஒரு கன்னையும் தொட்டே பாக்கலீங்களே" என்றார்.

நான் கீழே பார்த்தேன்.

"தாடிக்கொம்புன்னு சொன்னப்பவே தெரிஞ்சதுங்க. மொதக் கடுதாசிய அவளே தபால்காரருகிட்ட வாங்கிக்கிட்டா. ரெண்டாவது அப்பா கைக்குப் போச்சு, அதப் பிரிச்சது நானுங்க. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுச் சொல்லுடான்னாரு. மழை, வெங்காய வெலை, எல்லாம் படிச்சனுங்க. கடைசி வரிய மட்டும் படிக்கலீங்க."

"அப்புறம் ஏன்..."

"படிக்காட்டி என்னங்க? வயசுப் பொண்ணுக்கு வெளியூருல இருந்து கடுதாசி வந்ததே அவருக்குப் போதுமுங்க. அடுத்த நாளே பழனி போகவேண்டாம்னுட்டாரு. மூணு நாளு அழுதா. பரிச்சைக்குப் பணம் கட்டியிருந்தா, அதுக்கு அழுதாளா, எதுக்கு அழுதாள்னு நான் கேட்டுக்கலீங்க."

"என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

"நீங்க எழுதுனீங்க. அடுத்தவிய கடுதாசியப் பிரிச்சவன் நானுங்க. அதச் சொல்லத்தான் கூட வந்தேன்" என்றார்.

தூரத்தில் பஸ் தூசி தெரிந்தது. இனிமேல் கேட்க முடியாது என்று கேட்டேன்: "அவுங்க அந்தக் கடைசி வரியப் படிச்சாங்களா?"

"கடுதாசிய அவகிட்டயேதான் குடுத்துட்டனுங்க. படிச்சா. மடிச்சு எடுத்துட்டு உள்ள போயிட்டா." பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "உடுமலைப் பக்கம் கட்டிக் குடுத்துருக்குதுங்க. ஒரு பொண்ணு இருக்கறா. மாப்பிள்ளைக்கு அரிசி மில்லு. மில்லுக் கடுதாசியெல்லாம் இவதான் எழுதறா. மாப்பிள்ளையே டைப்பு மெஷின் வாங்கிக் குடுத்துருக்காருங்க."

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்கறாளுங்க."

பஸ் வந்து நின்றது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்லப் போனவர், "பாத்துப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

பழனியில் பஸ் மாறி, சன்னலோரம் உட்கார்ந்தேன். ஒட்டன்சத்திரம் தாண்டும்வரை எதிரில் என்ன போகிறது என்றே தெரியவில்லை. ஏதோ ஒரு ஊரில் மேசைமுன் உட்கார்ந்து அவள் தட்டச்சு செய்கிறாள் என்பதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். அதில் எனக்குச் சந்தோஷம் இருந்தது. அந்த மேசைக்கு எதிரில் இன்னொரு நாற்காலி இருக்குமா, அதில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது அடுத்தபடியாக வந்தது. அது பொறுக்க முடியாததாக இருந்தது. இன்றைக்கு எனக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. என் மனைவி நல்லவள், அவளோடு வாழ்ந்ததில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் அந்த ஒரு பகல், காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை, எனக்குச் சமமான ஒருத்தி எதிரில் உட்கார்ந்து என் பேனாவைத் தடுத்த அந்தப் பகல், திரும்ப ஒரு தடவை வேண்டும் என்று கேட்காத நாள் குறைவு.

அன்று வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தார்.

"போன காரியம் என்னப்பு ஆச்சு?"

"முடிஞ்சதும்மா."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "வேடசந்தூர்க்காரவுக ஆள் அனுப்பியிருந்தாக. என்ன சொல்லட்டும்?"

தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவினேன். முகத்தையும் கழுவிக்கொண்டேன், இரண்டு மூன்று தடவை.

"சரின்னு சொல்லிருங்கம்மா."

அம்மா உள்ளே போய்த் தட்டை வைத்தார். களியும் கீரைக் குழம்பும். காலையிலிருந்து அந்த மோரைத் தவிர ஒன்றும் உள்ளே போயிருக்கவில்லை. உட்கார்ந்தேன். பசித்தது. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.